பாம்பு

அறுபது கட்டங்கள் அந்தப் பலகையில்.
தண்ணீர், ரொட்டி, அம்மா, போதும், வலிக்கிறது.
தொட்டால் பேசும்.
குரல் மெக்சிகோக்காரி ஒருத்தியுடையது.
சிலியின் தெற்குக் கோடியில் பிறந்த ஒன்பது வயதுப் பையனுக்கு
வேறு குரல் எங்களிடம் இல்லை.

அக்டோபர் முழுக்க யெர்கோ தொட்டது ஒன்றைத்தான்.
பாம்பு.
பாம்பு பாம்பு
பாம்பு.
நாலு மணிக்குப் பள்ளி விடும்போது இன்னும் வேகமாக.

புந்தா அரேனாஸ் குளிரில் பாம்பு ஏது
என்று சிரித்தார் தலைமையாசிரியர்.
படப்புத்தகம் காட்டினேன், மூடினான்.
ரப்பர் பாம்பு வாங்கி வந்தேன்,
ஜன்னல் வழியே எறிந்தான், காற்று கொண்டுபோயிற்று.
குறிப்பேட்டில் பயம் என்று எழுதினேன்.
அடுத்த வாரம் அதை அடித்துவிட்டு, விருப்பம்.
அதற்கடுத்த வாரம்,
பொருளில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது.
அதை எழுதும்போது என் கை தயங்கவேயில்லை.
சொல்லியாக வேண்டும்.

அவன் அம்மா தானீட்சாவுக்கு
நண்டு ஆலையில் இரவு வேலை, விரலெல்லாம் வெடிப்பு.
"காரணமில்லாமல் அவன் எதையும் செய்வதில்லை" என்றாள்.
"இதை மட்டும் யாரும் எழுதிக்கொள்வதில்லை."

நவம்பரில் ஒருநாள் காற்று நூற்றிருபது.
கம்பத்துக்குக் கம்பம் நகராட்சி
கயிறு கட்டியிருந்தது, மனிதர் பிடித்து நடக்க.
ஒரு குப்பைத்தொட்டி எங்களை முந்திக்கொண்டு ஓடிற்று.
யெர்கோ என் கையை உதறினான்,
இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றினான்.
அது நெளிந்தது. கூடவே அவனும் நெளிந்தான்.
பிறகு ஒரு கையை விடுவித்து
மார்பில் தொங்கிய பலகையில்

பாம்பு.

காற்றில் காதில் விழவில்லை.
விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன்.

அறுபதையும் பொறுக்கி வைத்தவள் நான்.
கயிறு வைக்கவில்லை.
தினமும் நாலு மணிக்கு
உன் கை வேண்டாம், அது போதும் எனக்கு என்று
எவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறான்.

அன்றிரவே கயிறு வரைந்து
அறுபத்தோராவது கட்டம் சேர்த்தேன்.
ஒருமுறை தொட்டான், குரலைக் கேட்டான்,
பழைய கட்டத்துக்கே திரும்பிவிட்டான்.

இப்போது தானீட்சாவும் அப்படித்தான் சொல்கிறாள்.
சாலைமுனைக் காவலர்கூட:
இன்றைக்குப் பாம்பு ஈரம், கையுறை போட்டுக்கொள்.

போன வாரம் மூன்றைச் சேர்த்தான் யெர்கோ.
பாம்பு, போதும், அம்மா.
என்னவென்று தெரியவில்லை.
குறிப்பேட்டில் அந்த வரியைக்
காலியாக விட்டிருக்கிறேன்.