இரண்டு மில்லிமீட்டர்

மத்தி மீன் டப்பாவின் வளையத்தில்
மாட்டிக்கொண்டது மோதிர விரல்.
சின்னச் சத்தம்தான்.
சுள்ளி ஒடிந்தால் இதைவிட உரக்கக் கேட்கும்.
மணி நான்கு. கச்சேரி எட்டுக்கு.
ஜன்னலுக்கு வெளியே பில்பாவோ
மழையென்று ஒப்புக்கொள்ளாமல் நனைந்துகொண்டிருந்தது.

ஐந்து வாரம் வளர்த்த நகம்.
பைக்குள் கைவிட்டுச் சாவி துழாவியதில்லை.
அக்கா மகனைத் தூக்கும்போதும்
வலது கையை அந்தரத்தில் நிறுத்தி
இடது கையால் மட்டும் கொஞ்சினேன்.
சதைக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர்,
விளிம்பில் ஒரு சாய்வு,
ஆயிரத்து இருநூறாம் எண் உப்புத்தாளில்
கண்ணாடியாகும்வரை தேய்ப்பு.
அழகுக்கல்ல என்று
கடன் கேட்க வங்கிக்குப் போனபோதுகூட
விளக்க வேண்டியிருந்தது:
ஒரு கையில் நகம், மறு கையில் காய்ப்பு.
எந்தக் கையைக் குலுக்குவதென்று
அந்த அதிகாரிக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு வகுப்பு. இமானோல்.
வயது ஐம்பத்து நான்கு,
டிராம் பணிமனையில் சக்கரம் பார்ப்பவர்.
நகக்கண்ணில் கிரீஸ் ஏறுமென்று ஒட்ட வெட்டியிருப்பார்;
வெறும் சதையால்தான் மீட்டுவார்.
மூன்று ஆண்டுகளாக அவர் நோட்டில் என் சிவப்புப் பேனா:
"நாதம் மங்கல்."
"விளிம்பே இல்லை."
ஒருமுறை, எரிச்சலில்,
"தலையணைக்குள்ளிருந்து பேசுகிறீர்கள்."
படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:
மனைவி தூங்கிய பிறகுதான் வாசிக்கிறேன்,
அதனால் இருக்கலாம்.

அன்று அவர் கிட்டாரை எடுக்கவில்லை. என் விரலைப் பார்த்தார்.
"ஒய்ஹானா, பிளாஸ்டிக் ஆகுமா?"
பையில் ஒரு பிங்பாங் பந்து,
உணவு இடைவேளையில் ஆடுவார்களாம்.
தகடு வெட்டும் கத்தரியால்
பந்தின் வளைவிலிருந்து
ஒரு பிறையை எடுத்தார்.
எஞ்சிய நகத்தின் அடியில் செருகி, பசை தடவி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் பத்து எண்ணினோம்.
ஒரு சுரம்கூட வாசிக்காமல் முடிந்தது வகுப்பு.
கட்டணம் வேண்டாமென்றேன்;
நோட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பழைய தேவாலயம், இப்போது பூசை நடப்பதில்லை.
நூற்றுப் பத்து நாற்காலிகள்,
ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாசனை.
கடைசி உருப்படி முழுக்க நடுக்கம்:
கட்டைவிரல் அடியில் நடக்க,
மேலே மூன்று விரல்கள் ஒரே தந்தியை
மாறி மாறிச் சுண்ட,
கேட்பவருக்கு அது ஒரே இழை.
ஒரே இழை என்பது பொய்.
அதைக் கூசாமல் சொல்லப் பழக
எனக்குப் பதினோரு வருடம் ஆனது.

இரண்டாம் பக்கத்தின் நடுவில்
பிறை கழன்றது.
நான் மட்டும் பார்த்தேன்:
வெள்ளையாக ஒரு நொடி,
பிறகு கிட்டாரின் வாய்க்குள்.
நிறுத்த முடியாது. அங்கே மூச்சுவிட இடமில்லை.
மோதிர விரல் வெறும் சதையாகத் தந்தியில் விழுந்தது.

மூன்றில் ஒன்று மங்கல்.
மூன்றில் ஒன்று
யாரையும் எழுப்பக் கூடாதென்று
அடுக்களை விளக்கின் கீழ் வாசிக்கிறவரின் சுரம்.
இழை பிரிந்து
விரல்கள் தனித்தனியே கேட்டன,
படியேறி வரும் மூன்று பேர்போல,
ஒருவர் மட்டும் செருப்பில்லாமல்.

கைதட்டினார்கள்.
எது கேட்டுத் தட்டினார்களோ.
பின்வரிசையில் இமானோல் தட்டவில்லை;
உள்ளங்கையைத் திருப்பி
தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைமாற்றும் அறையில்
அவர் கைபேசி வெளிச்சம் பிடிக்க
கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கினேன்.
ஒரு பென்சில் துண்டு விழுந்தது. என்னுடையதல்ல.
பிறை வரவில்லை.
"மட்டமான பசை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த வியாழன், ஐந்து மணி.
அவர் வாசிக்க, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன்.
"நான்காம் வரியில் அவசரம்" என்று மட்டும் எழுதினேன்.
சரியென்று தலையாட்டி
மறுபடி முதலிலிருந்து, ஆறாம் தந்தியை
அழுத்தித் தொட்டார்.
என் மடியில், நான் தொடாமலே,
எனக்குரிய கிட்டாருக்குள் ஏதோ கிணுகிணுத்தது.