ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு

லிங்கராஜபுரம், நாலாம் மாடிக்கு மேலே
இரண்டு கறுப்புத் தொட்டி, ஒரு டிஷ் ஆன்டெனா,
துணி காயும் கொடி. நடுவே நின்று
ஒன்பதடித் தூண்டிலை வீசிப் பழகுகிறேன்,
வாரத்தில் மூன்று இரவு.

விற்றவர் குடகுக்காரர், பெள்ளியப்பா.
தோள்பட்டை போய்விட்டதாம்.
நான்கு துண்டாகக் கழற்றித் துணிப்பையில் போட்டு
ரீலோடு ஆறாயிரத்துக்குக் கொடுத்தார்.
அவலாஞ்சிப் பக்கத்து ஓடை ரொம்பச் சின்னது,
தாண்டினால் தாண்டிவிடலாம்,
ஆனால் ட்ரவுட் உன் நிழலைப் பார்த்தால் போச்சு, என்றார்.
காரில் ஏறின பிறகு கண்ணாடியை இறக்கி:
"பின்னால் போன கயிறு முழுசாக நீளும்வரை பொறு.
எல்லாரும் அங்கேதான் கெடுக்கிறார்கள்."

பகலெல்லாம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
யார் யாரையோ லைனில் இருக்கச் சொல்கிறவள் நான்.
எனக்குப் பொறுக்கத் தெரியவில்லை.
பிலோமினாவின் நைட்டி இரண்டு முறை மாட்டியது.
(மூன்று. பூப்போட்டது கிழிந்ததை நான் சொல்லவேயில்லை.)
அதற்கப்புறம்தான் கொக்கியை வெட்டினேன்.
இப்போது நுனியில் சிவப்பு உல்லன் நூல் ஒரு துணுக்கு,
அவ்வளவுதான் என் பொய் ஈ.

ஒரே ஒரு வௌவால் அதை நம்பியது.
கூடவே பறந்து, கடைசித் திருப்பத்தில்
புரிந்துகொண்டு போய்விட்டது.
சந்தோஷத்தில் அன்று தூக்கம் வரவில்லை.

மார்ச்சில் போர்வெல் வற்றியது.
லாரித் தண்ணீர் ஆயிரத்து எண்ணூறு.
பால்கனி கழுவாதீர்கள் என்று லிஃப்டில் நோட்டீஸ்.
காவேரி வருவது ஒருநாள் விட்டு ஒருநாள்,
அதுவும் பின்னிரவில்.
மாதேஷா எழுந்து மோட்டார் போடுவான்.
நேற்று போட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

தொட்டி வழிந்தது.
சரிவில் இறங்கி, செங்கல் துண்டைச் சுற்றிப் பிரிந்து, கூடி,
உடைந்த பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு சுழி போட்டு
மழைக்குழாயைப் பார்த்து ஓடியது.
தாண்டினால் தாண்டிவிடலாம்.

ஓடிப்போய் எழுப்பியிருக்க வேண்டும்,
தெரியும்.
செருப்பைக் கழற்றினேன்.
எத்தனை பம்பு ஏறி, எத்தனை கோர்ட்டு ஏறி
வந்திருக்கிறது இது,
கடைமடைக்கு இறங்கிப் போக வேண்டியது,
நாலு மாடி மேலே, என் கணுக்காலில்
இவ்வளவு சில்லென்று.

தூண்டிலை உயர்த்தினேன். கயிறு பின்னால் போனது.
பொறுத்தேன்.
இன்னும்.
கொடிக்கு மேலே, ஆன்டெனாவுக்கு மேலே,
பக்கத்துக் கட்டிடத்தின் இருட்டுக்குள்
அது நீண்டு முடித்ததன் சின்ன இழுப்பு
மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.
அப்போதுதான் முன்னே விட்டேன்.

சிவப்பு நூல்
சுழிக்கு ஒரு முழம் மேலே இறங்கி,
சத்தமே இல்லை,
பூந்தொட்டிவரை தானாக மிதந்து வந்தது.

டவர் விளக்கில் என் நிழல்
தண்ணீரில் விழாதபடி குனிந்துகொண்டேன்.
எதற்கென்று கேட்டால் பதில் கிடையாது.

இன்னும் ஒரே ஒரு வீச்சு.
அப்புறம் மாதேஷாவை எழுப்புகிறேன்.