நாற்பத்தோராம் இதழ்

டுலூத்தில் ஜனவரி.
ஏரி உறைந்து, தாதுக் கப்பல்கள் படுத்துக்கிடக்கும் மாதம்.
கடை ஹீட்டர் நாலு முறை இருமிவிட்டு நின்றுபோனது.
கோட்டைக் கழற்றாமலே சண்டைக்கு உட்கார்ந்தார்கள்.

வழக்கு பழையதுதான்:
துருக்கையன் தன் தம்பியை விட்டானா, நழுவவிட்டானா.

"விட்டான்" என்கிறார் வெண்டெல் ஆஹோ.
முப்பது வருடம் ரயிலில் இரும்புத்தாது ஏற்றியவர்,
முதல் இதழிலிருந்து உறைபோட்டு வைத்திருப்பவர்.
"பாலத்தின் மேல், மழையில், தெரிந்தே விட்டான்.
இல்லாவிட்டால் ஏன் அடுத்த இருபது இதழும்
சாப்பிடும்போதுகூடக் கையுறையைக் கழற்றவில்லை?"

"டிவியில் பிடித்துவிடுகிறானே" என்கிறாள் ப்ரின்லி.
பத்தொன்பது வயது, கன்னத்துக்குள் சூயிங்கம்.
சனிக்கிழமை காலை, மடியில் சீரியல் கிண்ணம்,
தம்பி மேலே வருகிறான், நாய் குரைக்கிறது, விளம்பரம்.
"எனக்குத் தெரிந்தவன் அவன்தான்.
உங்களுடையவன் யாரோ ஒரு ஆள்."

"நாய்!"
வெண்டெல் மேஜையைத் தட்டியதில் காபி துள்ளியது.
"அவனுக்கு நாயே கிடையாது.
பொம்மை விற்க ஒட்டவைத்த நாய்."
அந்தப் பொம்மை, விலைச்சீட்டோடு,
என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.
சற்று நகர்ந்து மறைத்துக்கொண்டேன்.
நான் வியாபாரி.

மூன்றாவதாக வந்த எழுத்தாளர்
தம்பியே கிடையாது, எல்லாம் காய்ச்சலில் கண்டது என்று எழுதினார்.
அவர் பெயரை இங்கே யாரும் எடுப்பதில்லை.
அதில் மட்டும் ஒற்றுமை.

பிறகு பேச்சு குரலுக்குத் தாவியது.
கார்ட்டூனில் அவனுக்கு ஜல்லி அரைக்கிற தொண்டை.
வெண்டெலுக்கோ அவன் திக்குவாய்:
"பலூனுக்குள் எழுத்தைப் பார், விளிம்பெல்லாம் நடுங்குகிறது."
"பேனா முனை தேய்ந்திருக்கும்" என்றேன்.
முறைத்தார்.
என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து.

அப்போதுதான் பா ஹூவா வாங் வாயைத் திறந்தாள்.
இரவு ஷிஃப்ட் நர்ஸ்,
ஆஸ்பத்திரி போகிற வழியில் கால் மணி நேரம் நிற்பவள்.
"நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது.
ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது.
சர்ச்சில் கொடுத்த அட்டைப்பெட்டியில்
ஸ்வெட்டர்களுக்கு அடியில் நாற்பத்தொன்று கிடந்தது.
என் துருக்கையன் ஹ்மாங்கில் பேசினான்.
கொஞ்சம் மூக்கால், என் சின்ன மாமா மாதிரி.
தொங்கும் தம்பியிடம்
'நீ முதலில் விடு' என்றான்."

"அப்படி எந்தப் பலூனிலும் இல்லையே?"

"இல்லைதான்.
மூன்றாம் வகுப்பில் படிக்கக் கற்றுக்கொண்டு போய்ப் பார்த்தேன்.
வெறும் 'ஐயோ' என்றிருந்தது.
அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு."

வெண்டெல் தன் பிரதியை உறையிலிருந்து எடுத்தார்.
பதினோரு வருடத்தில் நான் பார்க்க அதுதான் முதல் தடவை.
ஒரு கட்டத்தில் இறுகிய பிடி.
அடுத்த கட்டத்தில் விரிந்த உள்ளங்கை, மழை.
நடுவே அரை விரல் அகலத்துக்கு வெள்ளைக் காகிதம்.
நான்கு பேரும் அந்த வெள்ளையையே குனிந்து பார்த்தோம்,
அதற்குள் இன்னொரு படம் இருக்கிற மாதிரி.
ஸ்டேப்பிள் துரு கசிந்து
அந்தக் கையின் ஓரம் வரை வந்திருந்தது.

ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கினேன்.
ப்ரின்லியின் கார் பனியில் புதைந்திருந்தது.
அவள் ஸ்டியரிங்கில், நாங்கள் மூவரும் பின்னால்.
சக்கரம் சுழன்றது, சேறும் பனியும் முகத்தில்,
திடீரென்று பிடிகொடுத்துக் கார் பாய்ந்தது.
வெண்டெல் குப்புற விழுந்தார்.

தூக்கி நிறுத்தினோம். மீசையெல்லாம் பனி.
"சொல்லாமல் விட்டது யார்?" என்றார்.
"நான் விடவில்லை" என்றாள் பா ஹூவா.
"கார்தான் போனது" என்றேன் நான்.

தெருமுனையில் ப்ரின்லி கண்ணாடியை இறக்கி,
எங்களைப் பார்த்து,
நாய் மாதிரி இரண்டு முறை குரைத்துவிட்டுப் போனாள்.