பதினேழாம் கம்பத்தின் முள்

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாம் மாடியில் நான்
புகைக்கு நிறம் தேர்ந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் வானவில் போட்டேன்,
மென்பொருள் கேட்காமலே தருவது அதைத்தான்.
நீலம் பச்சைக்குத் தாவுமிடத்தில்
காற்றில் இல்லாத ஒரு சுவர் எழுந்தது.
மஞ்சள் மட்டும் கத்தியது,
அங்கே ஒன்றும் நடக்காதபோதும்.

சோக்பாயர் எட்டிப் பார்த்தார்.
அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும்
ஒரே சேறு.
"இதில் எது பிழைப்பது, எது சாவது?" என்றார்,
ரொட்டியைக் கடித்தபடி.

வானவில்லை அழித்தேன்.
பால் கூடிப்போன தேநீரில் தொடங்கி
செம்பு, துரு, காய்ந்த ரத்தம்,
கடைசியில் அடுப்புக்கரி.
ஒளி குறையக் குறைய நஞ்சு கூடும்.
கறுப்புவெள்ளையில் அச்சடித்தாலும் பொய் சொல்லாது.

ஆனால் ஐந்நூறோடு நிறம் தீர்ந்துவிட்டது,
நகரம் தீரவில்லை.
எழுநூறும் தொள்ளாயிரமும்
ஒரே கரிக்குள் தோளிடித்து நின்றன.
அளவுகோலை ஆயிரத்துக்கு இழுத்தேன்.
உடனே இருநூறு வெளுத்து
நல்லபிள்ளை ஆகிவிட்டது.
இதற்கு நேர்மையான விடை உண்டா, தெரியவில்லை.
ஐந்நூறுக்கே திரும்பினேன்.
தாண்டிப் போனதற்கெல்லாம் ஓர் ஊதா.

பிறகு கோடுகள்.

பயான்கோஷூ மேட்டில், பதினேழாம் கம்பத்தில்
ஒரு சென்சார்.
ஒவ்வோர் இரவும் மூன்று பத்துக்கு
அதன் வளைவில் ஒரு முள் முளைக்கும்.
ஒல்லி. நெட்டுக்குத்து. இருபது நிமிடம்.
கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.
கோளாறுக்கு இவ்வளவு நேரம் தவறாமை ஏது?
யாரோ எழுகிறார்கள்.
தோல் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து
கரி போடுகிறார்கள்.
பால் குடிக்கும் பிள்ளை இருக்கலாம்.
இரவுப் பணி முடிந்து வரும் ஆள் இருக்கலாம்.
வெறுமனே குளிரலாம்.

ஹூலான் சொன்னாள்:
"அமைச்சகக் கூட்டத்துக்குப் போகிற படம்.
முள்ளுமுள்ளாய் இருந்தால் யார் பார்ப்பார்கள்?
இஸ்திரி போடு."

சராசரியின் சாளரத்தை
ஒரு மணிநேரமாக்கினேன்; முள் குன்றானது.
ஆறு மணிநேரம்; குன்று வீக்கமானது.
இருபத்துநான்கு.
யாரும் எழவில்லை.
யாருக்கும் குளிரவில்லை.
தாளை எடுக்காமல் ஒரே மூச்சில் வரைந்த
மலையின் முதுகு.
அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பதாம் தேதி இரவு
முள் வரவில்லை.

வீட்டில், கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று பத்து. மூன்றரை. நான்கு.
அந்த மாதத்தின் மிகச் சுத்தமான காற்று
அந்தக் கம்பத்தில்தான்.
பால்தேநீர் நிறம்.
நல்ல செய்தியின் நிறத்தைப் பார்த்து
எனக்கு வயிறு கலங்கியது.
புகை வெளியேறாமல்
உள்ளேயே தங்கிவிட்ட வீடுகளையும் எண்ணுகிறோம்,
வேறொரு கோப்பில்.

யாரை அழைப்பது?
என்னிடம் இருப்பது கம்பத்தின் எண்,
அட்சரேகை, தீர்க்கரேகை,
கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர்.
கதவு எண் இல்லை.

நான்கு இருபத்தாறுக்கு
முளைத்தது.
வழக்கத்தைவிட உயரமாய்,
பதறிப்போய் அள்ளிக் கொட்டியதுபோல.
அயர்ந்துவிட்டாயா, முகம் தெரியாத நீ?
நஞ்சு ஏறுவதைப் பார்த்து
சமையலறையில் தனியாக
வாய்விட்டுச் சிரித்தேன்.

கூட்டத்துக்கு
மழமழப்பான கோடுதான் போனது.
கரும்நீலம், இரண்டு புள்ளித் தடிமன்.
அதன் பின்னால், கேட்காமலே,
அசல் அளவுகளை விட்டுவைத்தேன்.
சாம்பல். அடர்த்தி இருபது விழுக்காடு.
அருகில் போனால் மட்டும் தெரியும்.
ஹூலான் கண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

சோக்பாயர் திரைக்குப் பக்கத்தில் போய்
பத்தொன்பதை நகத்தால் தொட்டார்.
"இந்த ஒன்று மட்டும் தள்ளி நிற்கிறதே,
பிழையா?"

"தூக்கம்" என்றேன்.