ஒரு நகத்தின் கனம்

அந்த அறைக்குச் சன்னல் கிடையாது.
ஔலு நகரின் டிசம்பரில் சன்னல் இருந்தும் பயனில்லை,
பிற்பகல் மூன்றுக்கே இருட்டிவிடும்.
மேசைமேல் பதினோரு பிளாஸ்டிக் மாதிரிகள்,
தடிமன் பார்க்கும் அளவி,
இல்ப்போ கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியின் துணுக்குகள்.

பேட்டரிக்கு ஒரு கதவு வேண்டும் என்றேன்.
கதவென்றால் கொக்கி.
கொக்கியென்றால் அது பற்றிக்கொள்ள ஒரு விளிம்பு.
கழற்றி மாட்டும் பேட்டரிக்குத் தனியாக ஓர் ஓடு,
குழந்தை கடித்தாலும் துளைபடாத ஓடு.
கூட்டினால் அரை மில்லிமீட்டர்.
ஹில்க்கா தன் கட்டைவிரல் நகத்தைப் பக்கவாட்டில் திருப்பி
"இவ்வளவு தடிக்கும்" என்றாள்.
அந்த இவ்வளவுக்காக
மூன்று வாரம் சண்டை.

அடுத்தது கார்டு செருகும் துளை.
துளை என்றால் தண்ணீருக்கு வாசல் என்றான் இல்ப்போ.
சிம்முக்கு விட்ட வாசலுக்கே ரப்பர் வளையம் போட்டுவிட்டுத்
தூக்கம் கெட்டுக் கிடக்கிறானாம்.
கடையில் கார்டு இருபது யூரோ.
அதே கொள்ளளவை உள்ளேயே வைத்து விற்றால் நூறு.
இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
மனக்கணக்கில் எல்லோரும் கெட்டி.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
கடைசியில் கூழை ஊற்றிவிட்டு
நனையாத மீசையை வைத்துக்கொண்டோம்.
கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன்.
போதாதென்று பசையைத் தேர்ந்தெடுத்தவனும் நானே:
எண்பது டிகிரியில் இளகுவது.
எண்பது டிகிரி எங்கள் சவுனாவின் சூடு.
பேட்டரி மாற்ற நினைப்பவர்கள்
போனோடு போய் உள்ளே உட்காரட்டும் என்று
அன்றைக்குச் சிரித்தோம்.

அது விற்பனைக்கு வந்த வருடம், பிப்ரவரி.
கடல் கார் ஓட்டும் அளவுக்கு உறைந்திருந்தது.
மைத்துனன் ஊர்ஹோ பனியில் துளை போட்டான்.
துளை என்றால் வாசல்.
நான் பரிசளித்த போன் அவன் மேல்பையிலிருந்து நழுவி
அதன் வழியே நேராகப் போய்ச் சேர்ந்தது.

ஓர் ஆள் ஆழத்தில் திரை எரிந்தது.
அவன் மகள் அழைத்துக்கொண்டிருந்தாள்.
இருட்டுக்குள் ஒரு சின்னச் சன்னல், மங்கிய நீலத்தில்,
அதைச் சுற்றிப் பொடிமீன்கள்.
உறையின் வாரில் தூண்டில் முள்ளை மாட்டி இழுக்க
ஏழெட்டு நிமிடம்.
மேலே வந்தும் எரிந்தது.
"நல்ல வேலை பார்த்திருக்கிறீர்கள்" என்று
ஈரக் கையுறையால் என் முதுகில் அறைந்தான்.
ரப்பர் வளையத்துக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

திருப்பி அழைக்க எண்ணை அழுத்தினான்.
மைனஸ் இருபத்தாறு.
நாற்பத்தொரு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது
மூச்சு விடும் நேரத்தில் கறுத்துப்போனது.

ஊர்ஹோ ஒன்றும் பேசவில்லை.
கால்சட்டைப் பையிலிருந்து பழையதை எடுத்தான்,
மூலைகள் தேய்ந்து சோப்புக்கட்டி மாதிரி இருந்தது.
அதுவும் குளிரில் செத்துத்தான் இருந்தது.
கட்டைவிரல் நகத்தை விளிம்பில் கொடுத்து
டக்கென்று முதுகைத் திறந்தான்.
அந்த நகத்தின் கனத்தைத்தான்
நாங்கள் மிச்சம் பிடித்திருந்தோம்.
பேட்டரியை மட்டும் எடுத்து
சட்டைக்குள் அக்குளில் வைத்து
அடைகாக்கும் கோழிபோல அசையாமல் நின்றான்.

அவனுடைய புதியதை நான் வாங்கிக்கொண்டேன்.
கழற்ற ஏதுமில்லை.
கண்ணாடி, உலோகம், பசை, தண்ணீர் ஒட்டிய உறை
மொத்தத்தையும் என் அக்குளில் திணித்தபோது
சாகிற குளிர்.
எவ்வளவு மெல்லியது, பார், என்றேன்.
ஆமாம் என்றான். கேலியா, தெரியவில்லை.

எது முதலில் உயிர்பெறும் என்று
வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு பந்தயம்.
மகள் வீட்டில் காத்திருப்பாள்,
அப்பா துளைக்குள் விழுந்துவிட்டார் என்றுகூட நினைக்கலாம்.

அப்போது பார்த்துத் தூண்டில் வளைந்தது,
பெரிய மீன், கழி பனிமேல் சறுக்கிக்கொண்டு போகிறது.
இழுக்க
ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம்.