முப்பத்தேழாவது மாதம்

முப்பத்தாறு தவணையும் முடிந்துவிட்டது.
இந்த ஐந்தாம் தேதி
டெல்ஃபினின் கணக்கிலிருந்து யாரும் எதையும் பிடிக்கவில்லை.
மதியத்துக்குள் மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தாளாம்,
வராத குறுஞ்செய்தியை.

வண்டியோடு பெலிக்ஸ் போய் இரண்டரை வருஷம்.
சூலூர்பேட்டைப் பக்கம் ஓடுகிறது என்கிறார்கள்.
கையெழுத்து இவளுடையது,
அதனால் சவாரி அவனுக்கு, வட்டி இவளுக்கு.

"நாலாயிரத்து நூத்திப் பதினஞ்சு ரூவா
சும்மா கெடக்குதுடி.
நல்லதா ஒண்ணு வாங்கலாம்.
தொண்டையக் கீறாம எறங்கணும்.
பிராந்தி வேணாம், அது அவன் வாசன."

டெக்கீலா என்றேன்.
குடித்ததில்லை, தட்டச்சு செய்திருக்கிறேன்.
ராஜாஜி சாலையில் மூன்றாம் மாடி கிளியரிங் ஆபீஸ்,
பதினோரு வருஷம்,
பெட்டி இத்தனை, புட்டி இத்தனை, மில்லி இத்தனை.
கப்பலிலிருந்து இறங்கும்போது அதன் விலை
ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் ஒரு கிலோ.
பிறகு வரி ஏறும். வரியின் தோளில் வரி ஏறும்,
மயானக்கொள்ளைக் கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொள்வதுபோல.
கடைக்கு வந்து சேரும்போது
அதற்கே தன்னை அடையாளம் தெரியாது.

ராயபுரம் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஏசி போட்ட கடை.
நாங்கள் நுழைந்ததும் ஆறு ஆண்கள்
திடீரென்று பீர் லேபிளைப் படிக்கத் தொடங்கினார்கள்.
டெல்ஃபின் துப்பட்டாவைச் சரிசெய்துகொள்ளவில்லை.

கவுன்டர் பையன் தங்க நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான்.
மூடிக்குத் தொப்பி.
"இதான் மேடம் மூவிங். கோல்டு. செம ஸ்மூத்."
புட்டியைத் திருப்பினேன்.
கேரமல் என்று பொடி எழுத்து.
இந்தத் தங்கத்தை எனக்குத் தெரியும்,
பாதி கற்றாழை, பாதி சர்க்கரைச் சாராயம்,
மேலே கவரிங்.
தங்கசாலைத் தெருவில் இரண்டு முறை ஏமாந்தவள் நான்.
வேண்டாம் என்றேன்.

அடுத்தது கனத்த கண்ணாடி, மரத்தக்கை.
பதினோராயிரம்.
செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள்போல
கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள் டெல்ஃபின்.
"புட்டிக்குத்தான் காசு. வையி அங்க."

கீழ்த்தட்டில், விளக்கு எட்டாத மூலையில்,
தண்ணீர்போல ஒன்று.
தோளில் தூசி. நிறமில்லை, தொப்பியில்லை.
நூறு சதம் அகாவே என்று மட்டும்.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
"அது போவாது மேடம்" என்றான்.
"அதனாலதான் எங்களுக்குக் கெடைக்குது."

மீதி நூற்று முப்பத்தைந்துக்கு
நெத்திலி வறுவல், நாலு எலுமிச்சை.

அவள் வீட்டு மொட்டைமாடி.
துறைமுகத்துக் கிரேன்கள்
யாருடைய பெட்டியையோ தூக்கிக்கொண்டிருந்தன.
உப்பு தொட்டுக் குடிக்க வேண்டுமாம்.
உதட்டை நக்கிப் பார்த்தாள்.
"இருக்குது, ஊத்து."

முதல் மடக்குக்கு முகத்தைச் சுளிக்கத் தயாராக இருந்தோம்.
சுளிக்க ஒன்றும் வரவில்லை.
பச்சையாக ஒரு வாசனை, பின்னால் மிளகு,
அப்புறம் இறங்கிப் போய்விட்டது
வாடகை பாக்கி வைக்காத குடித்தனம்போல.

"இது என்னா செடிடி?"
கொருக்குப்பேட்டை யார்டு வேலியோரம் நிற்குமே
ரயில் கற்றாழை,
அதற்குப் பங்காளி.

பேன்ட்டை மடித்துக் கெண்டைக்காலைக் காட்டினாள்.
தண்டவாளம் தாண்டும்போது
அந்த முள் போட்ட கோடு, வெள்ளையாக, இன்னும்.
"இதுவா? இதா இவ்ளோ மெத்துனு எறங்குது?"

ஏழெட்டு வருஷம் வளரவிட்டு
வெட்டி, மெதுவாக வேகவைப்பார்கள் என்றேன்.

"நம்மள மூணே வருஷத்துல வேகவச்சிட்டானுங்க"
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.
தலையில் தட்டினேன்.

ஐந்தாம் தேதி முடிய
நாற்பது நிமிஷம் இருக்கும்போது
அவள் போன் வெளிச்சம் போட்டது.
இருவரும் குனிந்தோம்.
அன்புள்ள டெல்ஃபின்,
உங்களுக்குப் புதிய வாகனக் கடன் தயார்.

கவிழ்த்து வைத்து
அதன்மேல் கிளாஸை வைத்தாள்.
"ஊத்துடி.
சிந்துனா சிந்தட்டும்."