வரிசை எண் 112

செவிலியர் பாடம், காயப் பராமரிப்பு, இரண்டாம் பருவம்.
நூற்று அறுபத்து மூன்று படங்கள்.
தண்டர் பே கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில்
எனக்கொரு மேசை, ஒரு விரிதாள், மூன்று நிறங்கள்.
பச்சை என்றால் வைக்கலாம்.
மஞ்சள் என்றால் கேட்க வேண்டும்.
சிவப்பு என்றால் தூக்கிவிட வேண்டும்.

பதினோரு வருடமாய் இந்தப் பாடத்தை நடத்தும்
மார்யா ஹெய்க்கினனிடம் கேட்டேன்,
படமெல்லாம் எங்கிருந்து வந்தது?
"தேடினேன், வந்தது" என்றார்,
குழாயைத் திறந்தேன் என்பதுபோல.

பாடநூல் விலை இருநூற்றுப் பதினெட்டு டாலர்.
போன பருவத்தில் ஒரே பிரதியை
ஆறு பேர் சுற்றில் விட்டார்கள்.
ஜஸ்கீரத்துக்கு முறை வந்தது
தேர்வுக்கு மறுநாள்.
அதற்குத்தான் இந்த வேலை:
பூட்டில்லாத பாடம் ஒன்று செய்ய
எங்கெங்கே பூட்டு என்று
முதலில் தடவிப் பார்க்கிற வேலை.

கடிதம் எழுதினேன்.
பதிப்பகம் ஒன்று: படத்துக்கு முந்நூற்று நாற்பது, ஐந்து ஆண்டு,
கடவுச்சொல்லுக்குப் பின்னால் மட்டும்.
இதில் பின்னால் என்றொரு இடமே இல்லை
என்று பதில் போட்டேன்.
மருந்துக் கம்பனி ஒன்று: எங்கள் கட்டுத்துணியின் பெயர்
தெரிகிறாற்போல் இருந்தால் இலவசம்.
சூ செயின்ட் மேரியிலிருந்து, ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர்:
"எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயரில் இரண்டு எல் வரும்.
எல்லோரும் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள்."
மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.
மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டு நியாயம்.
இங்கே மௌனம் சிவப்பு.

உரிமையாளர் தெரியாதவை முப்பத்தொன்று.
பெயர் தொலைந்த புலவருக்கு
அவர் பாடிய சொல்லையே பெயராக இட்ட மொழி என்னுடையது.
அந்தத் துணிவில் குறிப்புக் கட்டத்தில் எழுதிவைத்தேன்:
நீலக்கையுறையார்.
முழங்கைநிழலார்.
சீழ்க்கிண்ணத்தார்.
யார் இவர்கள் என்றார் மார்யா.
பழைய சங்கத்தார் என்றேன்.
எந்தத் தொழிற்சங்கம் என்றார்.

வரிசை எண் 112.
ஒரு கால், பக்கவாட்டில்.
குதியில் ஐந்து சத நாணயம் அளவு புண்.
மூலம் தெளிவு, உரிமம் தெளிவு.
எடுத்தவர் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்.
வெட்டலாம், ஒட்டலாம், விற்கக்கூடச் செய்யலாம்.
பச்சை.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
இரண்டாம் விரலைச் சுற்றி
வெளிறிப்போன ஒரு வளையம்.
மெட்டி கழற்றிய தடம்.

படத்தைக் கொடுத்தவரின் பெயர், ஊர், தேதி
எல்லாம் இருக்கிறது.
காலை நீட்டியவளை
யார் கேட்டார்கள்?

விரிதாளில் ஒரு நிரல் கூட்டினேன்:
யாருடைய உடம்பு.
நூற்று அறுபத்து மூன்று வெற்றுக் கட்டங்கள்
கீழே கீழே இறங்கிப் போயின.
மேலாளர் கிரெய்க் அன்போடுதான் சொன்னார்,
அது நம் வேலைக்குள் வராது என்று.
உண்மை. வராது.
நிரலை அழித்தேன். 112 மட்டும்
கண்ணை விட்டுப் போகவில்லை.

வியாழக்கிழமை ஆய்வுகூடத்தில்
ஜெலட்டினும் பீட்ரூட் சாறும் காப்பித்தூளும் குழைத்து
மார்யா என் குதிகாலில் ஒரு புண் செய்தார்.
ஓரத்துச் சிவப்பை மூன்று முறை கலைத்துப் பூசினார்.
"இதைத்தான் எல்லோரும் தவறவிடுவார்கள்,
பிறகு காலையே எடுக்க வேண்டி வரும்."
ஜஸ்கீரத் விளக்கைப் பிடித்தாள்.
ஏழு படம். நான்காவது சரி.
நான் மெட்டி போட்டதில்லை.
விரலில் தடம் எதுவும் இல்லை.

112-க்குச் சிவப்பு அடித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒன்றும் எழுதவில்லை.

புதிய படத்துக்கு உரிமையாளர் யார் என்று
படிவம் கேட்கிறது.
வேலை நேரத்தில் எடுத்தது, ஆகவே கல்லூரி.
கால் என்னுடையது,
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

பீட்ரூட் சாயம் முழுதாகப் போகவில்லை.
அப்படியே காலுறை, அதன்மேல் பனிச்சப்பாத்து.
ஐந்தே காலுக்குப் பேருந்து.